வெயிலால் நீர் தூய்மையாகுமா?

தோட்டத்தில் வளர்ந்த நம்மவர்களுக்கு ரப்பர் ஆலைச் சாக்கடையின் நாற்றம் மறந்திருக்காது. பாலை உறைய வைத்த காடிநீர் ஓடையில் கலந்து புளித்துக் கிடக்கும். பின்னர் செம்பனை வந்தது. அதன் ஆலைக் கழிவு காப்பி நிறத்தில் ஓடியது. 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்கா தண்ணீருக்குத் தவித்த பிறகு, ஓடைநீரின் அருமையை யாரும் நமக்குப் போதிக்க வேண்டியதில்லை.

இத்தகைய அழுக்கை வெயிலைக் கொண்டே சிதைக்க வழியுண்டு. அதற்கு உதவுவது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளைத் தூள். சுவருக்கு அடிக்கும் வெள்ளைச் சாயத்தில் இருப்பதும் இதுவே. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும், நம் ஈயச் சுரங்கங்கள் ஒதுக்கிய மணலிலும் கிடைக்கும் கரிய இல்மனைட்தான் இதன் மூலப்பொருள். கறுப்பிலிருந்து இத்தனை வெண்மை பிறப்பது எனக்கு இன்றும் வியப்பே.

ஒளி பட்ட இப்பொருள் நீரையே பிளக்கும் என்று ஜப்பானியர்களான புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் அறிவித்தனர். புற ஊதா ஒளி பட்டதும் இதனுள் எலக்ட்ரான்கள் விடுபடும். அதனால் நீரில் மிக வீரியமான துணுக்குகள் உண்டாகி, சாயம், எண்ணெய், பூச்சிமருந்து போன்ற கரிமப் பொருள்களைச் சிதைத்து, முடிவில் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். தூளோ கல்யாணத் தரகர் மாதிரி. காரியத்தை முடித்து வைக்கும், தான் மாறாது. இதையே வினையூக்கி என்கிறோம்.

இதைக் கேள்விப்பட்ட உபயதாரர் ஒருவர், "வாத்தியார் ஐயா, நம் திருக்குளத்தில் ஒரு மூட்டை கொட்டினால் என்ன?" என்றார். நல்ல மனம்தான். ஆனால் பணம் வீணாகும். வெயிலில் புற ஊதாப் பங்கு நூற்றில் சுமார் 5 மட்டுமே. கலங்கிய நீரில் அதுவும் ஆழம் போகாது. நுண்ணிய தூள் எளிதில் படியாமல் நீரைப் பாலாக்கிவிடும், திரும்ப எடுப்பதும் பெரும்பாடு. ஆகவே கண்ணாடியில் பூசி, தெளிந்த நீரை அதன்மேல் மெல்லிதாக ஓடவிடுவது ஒரு முறை. உப்பையும் உலோகத்தையும் இது அழிக்காது.

செம்பனை ஆலைக் கழிவுக்கும் முதலில் குளம் குளமாகத் தேக்கி, நுண்ணுயிர்களைக் கொண்டு பல வாரம் சிதைக்கும் பழைய முறைதான் வேண்டும். 1977-ஆம் ஆண்டுச் சட்டவிதிகளுக்குப் பின் ஆலைகள் அப்படித்தான் செய்து வருகின்றன. மிஞ்சும் பழுப்பு நிறத்தை நீக்கவே நம் பல்கலைக்கழகங்கள் இந்த ஒளிமுறையை ஆராய்கின்றன.

நம் குளம் பச்சையாவது, நாம் இடும் பூவும் பொரியும் அழுகிப் பாசிக்கு உரமாவதால். சேறு வாரும் செலவை ஏற்க விரும்பும் மெய்யன்பர்கள் ஆலய அலுவலகத்தில் பெயர் பதியலாம்.