பாட்டி சமையலும் கோரைக்கிழங்கும்

சின்ன வயதில் சாப்பிட்ட குழம்பை மறுபடி வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இன்று பல வீடுகளில் தலைதூக்கியிருக்கிறது. ஊரைவிட்டு வந்தவர்கள், கடல் கடந்து போனவர்கள், அம்மாவை இழந்தவர்கள் எனப் பலரும் பழைய நோட்டுகளைத் தேடி எடுக்கிறார்கள். பெரியம்மாவை அடுப்படியில் நிறுத்திக் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது அளவைத்தான். புளி எவ்வளவு, மல்லி எத்தனை கரண்டி, வெந்தயம் எப்போது? அதெல்லாம் கிடைத்துவிடுகிறது. செய்தும் பார்க்கிறார்கள். குழம்பு நன்றாகவே வருகிறது, ஆனால் அந்தக் குழம்பாக வருவதில்லை. "அந்தக் கைப்பக்குவம் நமக்கு வராது" என்று அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கையின்மேல் பழிபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரும்பாலான வீடுகளில் தொலைந்துபோனது அந்தக் கைக்கு வந்து சேர்ந்த பொருள்தான்.

அளவு உண்மையில் பெரிய சிக்கலே இல்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' என்ற சமையல் நூல் 1951-ல் வெளிவந்த காலத்தில் வீடுகளில் ஆழாக்கும் படியும் பலமும் வீசையும் புழங்கின. 1958 முதல் கிலோவும் லிட்டரும் படிப்படியாக வந்தன. பலம் என்றால் ஏறக்குறைய 35 கிராம். 40 பலம் ஒரு வீசை. கணக்குப் போட்டால் தீர்ந்தது. ஆனால் 'ஒரு ஆழாக்கு அரிசி' என்று எழுதிய நோட்டு எந்த நெல்லின் அரிசி என்று சொல்வதில்லை. அந்த வருஷம் வீட்டுக் குதிரில் இருந்த அரிசி. அதை எதற்கு எழுதி வைப்பது? எல்லோரிடமும் இருந்ததை யாருமே எழுதவில்லை. அதுதான் இன்று யாரிடமும் இல்லை.

பாத்திரத்துக்கும் இதே கதைதான். கல்சட்டி இறக்கிய பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். வற்றல் குழம்பு அடுப்பைவிட்டு வந்த பின்னும் அதில் கொதித்துக்கொண்டே இருக்கும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால், நீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றக் கூடாது என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த பாடம். உப்பும் புளிப்பும் ஏறிய ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. உலோகத்தை அரிக்கும் புளிப்பு பீங்கானின் மெருகை ஒன்றும் செய்யாது. களிமண்ணுக்கும் பீங்கான் சூளைக்கும் பெயர் வாங்கிய விருத்தாசலத்தில் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரமாவது விலைக்குக் கிடைக்கும். கவலைப்பட வேண்டியது அதற்குள் போடும் பொருளைப் பற்றி.

விருத்தாசலத்துக்குத் தென்கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது ஸ்ரீமுஷ்ணம். அங்கே பூவராகப் பெருமாளுக்குக் கோரைக்கிழங்கில் செய்த பிரசாதம் உண்டு. பன்றி மண்ணைக் கிளறித் தின்னும் கிழங்கு அது, வராகருக்கு உகந்தது. கிழங்கை உலர்த்திப் பொடித்து, சர்க்கரை, நெய், ஏலக்காய் சேர்த்து உருட்டுவார்கள். செய்முறை அவ்வளவுதான், யார் ஒரு தடவை கேட்டாலும் மனத்தில் நிற்கும். அதற்கு அடையாளம் தருவது கிழங்கின் காரமும் மண்ணும் கலந்த மணம். சித்த மருந்துக்கடையில் முத்தக்காசு என்று கேட்டால் தருவதும் இதைத்தான். பொட்டுக்கடலை மாவை வைத்து உருட்டினாலும் உருண்டை வரும், ஆனால் அது வேறு பண்டம். பெருமாளுக்கு மாற்றுப் பொருளை வைக்க முடியாது என்ற கட்டாயமே, செய்முறையோடு பொருளையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறது. இத்தனைக்கும் உழவர்களுக்குக் கோரை பரம எதிரி. உலகின் மிக மோசமான களைகளில் முதலிடத்தில் வைத்து அறிவியலாளர்கள் எண்ணும் செடி அது. பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் தங்கி மறுபடி முளைக்கும். அதை யாரும் பாதுகாக்க வேண்டியதில்லை.

வரகுக்கு அந்தப் பிடிவாதமும் இல்லை, அதையே கேட்கும் தெய்வமும் இல்லை. ஒரு காலத்தில் வரகு விளைந்த விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போய்க் காசாகத் திரும்புகிறது. விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரகைக் குத்திப் புடைப்பது முதுகொடியும் வேலை, அதைச் செய்தவர்கள் பெண்கள். அந்த உழைப்பு ஒழிந்ததே நல்லது என்று சொல்பவர்களின் வாதம் நியாயமானதே. குத்தும் வேலைக்கு இன்று இயந்திரமும் வந்துவிட்டது. ஆனால் வரகுச் சோறு போனால் அதற்கென்றே அமைந்த குழம்பின் கெட்டியும் புளிப்பும் சேர்ந்து போகின்றன. தக்காளியிலும் இதுதான் நடந்தது. லாரியில் நசுங்காமல் போய்ச் சேரத் தடித்த தோலோடு வளர்க்கப்பட்ட பழத்தைப் பிழிந்து, நாட்டுத் தக்காளிக்குச் சொன்ன அளவில் ரசம் வைத்தால் புளிப்பு எங்கிருந்து வரும்?

பொருள் மாறவில்லை, நாக்குதான் கிழமாகிவிட்டது என்பார்கள் சிலர். இதில் உண்மை இருக்கிறது. சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. வயது ஏற ஏற மோப்பம் மங்கும், ஞாபகமும் தித்திப்பைக் கூட்டிச் சொல்லும். அப்படியென்றால் சிறுவயதில் தின்ற எல்லாமே ஒரே மாதிரி ஏமாற்ற வேண்டுமே? நுங்கு ஏமாற்றுவதில்லை. சுட்ட பனங்கிழங்கு அன்றைக்கு இருந்தபடியேதான் இருக்கிறது. கொடுக்காப்புளியின் துவர்ப்பில் ஒரு குறையும் இல்லை. இவற்றை யாரும் கலப்பினமாக்கவில்லை, தூரத்துச் சந்தைக்காகத் தோலைத் தடிக்க வைக்கவில்லை. அதே நாக்குத்தான் இவற்றையும் ருசிக்கிறது.

ஆகவே, சமையலை மீட்க நினைப்பவர்கள் வயல்பக்கமும் திரும்ப வேண்டும். நெல்லில் அது நடந்திருக்கிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006-ல் தொடங்கிய நெல் திருவிழாவில், 2 கிலோ விதை வாங்கிப் போகிற உழவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. மறைந்த நெல் ஜெயராமன் இப்படித்தான் 150-க்கும் மேற்பட்ட பழைய நெல் வகைகளை மறுபடி வயலுக்குக் கொண்டுவந்தார். கத்தரியும் அவரையும் சுரையும் இன்னும் எளியவை. அவற்றுக்கு வயல்கூட வேண்டாம், கொல்லை போதும். முற்றிய காய் ஒன்றைச் செடியிலேயே விட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்த கிழவிகள் இன்னும் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் புளியின் அளவைக் கேட்கும்போதே எந்தக் கத்தரி, எந்த மாதத்துக் காய், அந்த விதையைக் கடைசியாக யாருக்குக் கொடுத்தீர்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வாங்கிப் போனவர் வீட்டுக் கொல்லையில் அது இன்னும் காய்த்துக்கொண்டிருக்கக்கூடும்.