புத்தாண்டும் நாட்குறிப்பும்

சனவரித் திங்கள் பிறந்தவுடன் நம் மாணவ நண்பர் பலருடைய கையில் புதிய நாட்குறிப்புப் புத்தகம் ஒன்றைக் காண்கிறோம். சிலர்க்கு அது வணிகர் அளித்த நன்கொடை; சிலர் தம் கைப்பொருள் கொடுத்து வாங்கியது. முதல் வாரத்துப் பக்கங்கள் விளிம்புவரை நிரம்பியிருக்கும். பொங்கல் விடுமுறை கழிந்ததும் எழுத்துச் சுருங்கும். மாசி மாதத்தில் இடையிடையே ஒரு வரி தோன்றும். அப்பால் ஆண்டிறுதிவரை வெள்ளைத் தாளேயாம். பின்னர் அப்புத்தகம் வண்ணான் கணக்குக்கும் கடன் கணக்குக்கும் பயன்படும். இக்குறை பிறரிடத்து மாத்திரம் உள்ளதென்று யாம் சொல்லவில்லை. எம்முடைய அலமாரியிலும் இத்தகைய புத்தகங்கள் சில உறங்குகின்றன.

இதற்குக் காரணம் சோம்பல் என்று பலர் கூறுவர். அது முழு உண்மையன்று. எழுதத் தொடங்கியவன் எதனை எழுதுவது, எதன்பொருட்டு எழுதுவது என்று முன்னரே வரையறுத்துக்கொள்ளாமையே பெருங்காரணம். துறை தெரியாது விடப்பட்ட ஓடம் எவ்வளவு விரைவாகத் தள்ளப்படினும் கரை சேராதன்றோ? ஆதலின் ஒருவன் தன் நாட்குறிப்புக்குப் புத்தாண்டில் நோக்கம் வகுத்துக்கொள்வது எங்ஙனம் என்பதை, முன்னோர் சிலருடைய அநுபவத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலில், புத்தாண்டு நாளுக்கென்று தனிச் சக்தி யாதொன்றும் இல்லை என்பதை உணர்தல் வேண்டும். ஜூலியஸ் சீஸர் திருத்திய பஞ்சாங்கம் கி. மு. 45-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் இங்கிலாந்து தேசத்தில் 1752-ஆம் ஆண்டுக்கு முன் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச்சு 25-ஆம் நாளிலேயாம். நமக்கோ சித்திரை முதல் நாள் ஆண்டுப் பிறப்பு. மனிதர் தம் வசதிக்காக நட்ட மைல்கல்லே புத்தாண்டு. மைல்கல் வழிப்போக்கனைச் சுமந்து செல்லாது. வந்த தூரத்தையும் செல்லவேண்டிய தூரத்தையும் அறிவிக்கும். அவ்வளவு பயனே அதனால் உண்டு, அதுவே போதுமானது.

இனி, நோக்கம் வகுத்தலுக்கு முதல் உதாரணம் நம் நாட்டிலேயே உளது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாரிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் தம் தினப்படி சேதிக்குறிப்பைத் தொடங்கினார். தொடங்கும்போதே, தம் காதினால் கேட்டவை, கண்ணினால் கண்டவை, கப்பல்களின் வருகை செலவு, நிகழும் புதுமைகள் ஆகிய இவற்றை எழுதப் புகுவதாக அவர் குறித்துக்கொண்டார். அவ்வளவே அவர் வகுத்த திட்டம். நூறு தீர்மானங்கள் இல்லை, ஒரே வாக்கியம். எனினும் எதனை எழுதலாம், எதனை விடலாம் என்ற ஐயம் அவருக்கு நாள்தோறும் எழாதபடி அவ்வாக்கியம் காத்தது. 1761-ஆம் ஆண்டு சனவரியில் அவர் இறக்கும் காலம்வரை, ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள், இடையிடையே இடைவெளிகள் நேரினும் அம்முயற்சி நின்றொழியவில்லை. கவர்னர் டூப்ளேயின் ஆட்சியையும், 1746-ஆம் ஆண்டில் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதையும், அக்காலத்து வாணிகத்தையும் வழக்குகளையும் அறிய விரும்புவோர் இன்றும் அக்குறிப்பையே நாடுகின்றனர். அது பேச்சுத் தமிழில் எழுதப்பட்டது. நடையழகை அவர் தேடவில்லை; கேட்டதையும் கண்டதையும் தேடினார்.

அடுத்து எழும் வினா, எவருக்காக எழுதுவது என்பது. இலண்டன் நகரத்தில் கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய ஸாமுவேல் பீப்ஸ் என்பார் 1660-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். அப்போது அவர்க்கு வயது இருபத்தாறு. பிறர் எளிதில் படிக்கலாகாதென்று சுருக்கெழுத்தில் எழுதினார். புகழை விரும்பி எழுதாமையால் தம் குற்றங்களை அவர் மறைக்கவில்லை. மதுவும் நாடகக் கொட்டகையும் தம் நேரத்தையும் பணத்தையும் விழுங்குவதைக் கண்டு, 1661-ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றை விலக்குவதாக ஆணையிட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் ஆணைகளை எடுத்துப் படிப்பார். தவறியபோது ஏழைகளுக்கென்று அபராதப் பணம் ஒதுக்குவார். அவர் பலமுறை தவறினார், தவறியதையும் எழுதினார். 1665-ஆம் ஆண்டின் கொள்ளைநோயும் 1666-ஆம் ஆண்டின் பெருந்தீயும் அவர் ஏட்டில் உயிரோடு நிற்பது இவ்வுண்மைப் பற்றினாலேயாம். கண்பார்வை கெடுமென்று அஞ்சி 1669-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் அவர் எழுதுவதை நிறுத்தினார். கேம்பிரிட்ஜ் மாக்டலன் கல்லூரிக்குச் சேர்ந்த அவ்வேடுகள் எழுத்து விளங்கப்பெற்று 1825-ஆம் ஆண்டில்தான் முதன்முதல் அச்சேறின. ஆதலின் புத்தாண்டில் எழுதப் புகுவோன், பிறர் பார்ப்பரேயென்று நாணியும் பிறர் புகழ்வரேயென்று மகிழ்ந்தும் எழுதாமலிருக்க உறுதிகொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, நோக்கங்கள் அளவிறந்து பெருகலாகாது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இளமையில் பதின்மூன்று நற்குணங்களைத் தேர்ந்து ஒரு சிறு புத்தகத்தில் குறித்துக்கொண்டார். அவர் முதலில் எண்ணியவை பன்னிரண்டே. நண்பர் ஒருவர் அவரிடத்துச் செருக்குண்டு என்று எடுத்துக்காட்டவே, பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு கட்டங்கள் வரைந்து, தவறிய நாளில் கரும்புள்ளி இடுவார். அவர் முறையின் நுட்பம் யாதெனில், பதின்மூன்றினையும் ஒரே காலத்தில் பிடிக்க முயலாது, வாரம் ஒன்றுக்கு ஒரு குணத்தையே சிறப்பாகக் கவனித்தார் என்பதாம். பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று முடியும். ஓராண்டில் நான்கு சுற்றுக்கள். புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் துளைபட்டமையால், பின்னர் ஈரத்துணுக்கால் துடைக்கத்தக்க தந்த ஏடுகளைப் பயன்படுத்தினார். முறைமை என்னும் ஒழுங்கு மட்டும் தமக்கு இறுதிவரை கைவரவில்லையென்று அவரே தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் முயலாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையைவிடத் தாம் மேம்பட்டவரும் மகிழ்ச்சியுள்ளவரும் ஆனதாகக் கூறுகிறார்.

நான்காவது, நோக்கம் எட்டத்தக்கதாயிருத்தல் வேண்டும். ஆங்கில அகராதி இயற்றிய டாக்டர் ஜான்ஸன், அதிகாலையில் எழவேண்டும், நாட்குறிப்பு எழுதவேண்டும் என்று ஆண்டுதோறும் தீர்மானித்து ஆண்டுதோறும் தவறியவர். 1765-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளில் அவர் காலை எட்டு மணிக்கு எழுவதென்று உறுதிசெய்தார். அது அதிகாலையன்று என்பதை அவர் அறிவார். ஆனால் பிற்பகல் இரண்டு மணிவரை படுக்கையிற் கிடந்த தமக்கு அதுவே பெரிய முன்னேற்றம் என்று கருதினார். பேரறிஞர் ஒருவர் இங்ஙனம் தம்மை உள்ளவாறே அளந்துகொண்டது எண்ணத்தக்கது. பத்து ஆண்டுகள் கழித்து, உடைந்த தீர்மானங்களைத் திரும்பிப் பார்த்தபோதும், திருந்துதல் இன்றியமையாதது, நம்பிக்கையிழத்தல் குற்றம் என்ற கருத்தால் மீண்டும் தீர்மானம் செய்தார். அவர் மறைந்தபின் 1785-ஆம் ஆண்டில் வெளிவந்த பிரார்த்தனைத் தொகுதியில் இவற்றைக் காணலாம்.

இந்நால்வர் அநுபவத்தையும் எமக்குப் பொருத்திப் பார்க்கும் காலம் சென்ற மார்கழியில் வாய்த்தது. அவ்வாண்டில் எம் பாட்டியார் தம் இறுதி மூன்று மாதங்களை எம் இல்லத்தில் கழித்தார். மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து, தம் சிறுமைப் பருவத்தில் ஏற்றக்காரர் பாட்டொலி கேட்டுத் துயிலெழுந்த கதையைச் சொல்வார். அப்பாட்டையும் மெல்லிய குரலில் பாடிக்காட்டுவார். அவர் மறைந்தபின் ஒருநாள் அப்பாட்டின் அடிகளை நினைவுகூர முயன்றோம், வரவில்லை. எழுதியிருப்போமே என்று நாட்குறிப்பைத் திறந்தோம். அம்மூன்று மாதத்துப் பக்கங்களில் தேர்வு மதிப்பெண்கள் இருந்தன. பந்தாட்ட முடிவுகள் இருந்தன. உணவைப் பற்றிய குறை நாலைந்து இடங்களில் இருந்தது. பாட்டியாரைப் பற்றி ஒரே ஒரு வரி: “பாட்டி வந்திருக்கிறார்கள்.” அவ்வளவே. ஏடு நிரம்பியிருந்தும் வெறுமையாயிருந்தது. எழுதாமையினும் நோக்கமின்றி எழுதுதல் எவ்வளவு இழப்பைத் தரும் என்பதை அன்று உணர்ந்தோம்.

ஆகவே யாம் கைக்கொண்ட முறையை நண்பர்க்கும் உரைப்போம். ஆண்டின் கடைசி வாரத்தில் சென்ற ஆண்டின் குறிப்பை முதலிலிருந்து படித்தல் வேண்டும். படிக்குங்கால் மூன்று வினாக்களைத் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளுதல் நன்று. மீண்டும் படிக்க மகிழ்வூட்டும் பக்கங்கள் எவை? படிக்க நாணும் பக்கங்கள் எவை? இருக்கவேண்டியிருந்தும் இல்லாத பக்கங்கள் எவை? மூன்றாம் வினாவே முதன்மையானது. அதற்குக் கிடைக்கும் விடையினின்றே வரும் ஆண்டின் நோக்கம் பிறக்கும்.

அந்நோக்கத்தை ஆனந்தரங்கப் பிள்ளையைப் போல் ஒரே வாக்கியத்தில் முதற்பக்கத்தில் எழுதுக. அதனை நிறைவேற்றும் செயல்கள் இரண்டு மூன்றுக்கு மேற்படவேண்டா. அவை எண்ணி அறியத்தக்கனவாயிருக்கட்டும். “நன்றாக எழுதுவேன்” என்பது நோக்கமன்று, ஆசை. “வாரத்தில் மூன்று நாள் பத்து வரி எழுதுவேன்” என்பதே நோக்கம். நாள்தோறும் எழுத இயலாதவன் நாள்தோறும் எழுதுவதாக ஆணையிடுதல் பொய்க்கு வழிகோலும். ஓய்வுநாள் மாலையில் அவ்வாரத்துப் பக்கங்களை ஒருமுறை பார்வையிடுக. மூன்று திங்களுக்கு ஒருமுறை நோக்கத்தையே சோதித்து, பொருந்தாதாயின் திருத்துக. திருத்தத்திற்குச் சித்திரையும் ஆடியும் சனவரியைப் போலவே நல்ல மாதங்கள்தாம். இடையில் பத்து நாள் விட்டுப்போயின், விட்ட நாட்களை நிரப்ப முயலாது அன்றைய தேதியிலிருந்து தொடர்க. பழைய பாக்கியைத் தீர்க்க முயன்றே பலர் எழுதுவதைக் கைவிடுகின்றனர்.

எம்முடைய இவ்வாண்டின் வாக்கியம் இது: வீட்டிலும் ஊரிலும் முதியோர் சொல்வதை அவர்தம் சொல்லிலேயே வாரத்திற்கு ஒன்றாக எழுதுதல். ஏற்றப்பாட்டில் இரண்டு அடிகளை எம் பெரிய தாயார் நினைவு வைத்திருந்தார்; அவையே இப்புத்தகத்தின் முதற்பக்கத்தில் உள்ளன. எஞ்சிய அடிகள் எவருக்கேனும் தெரியுமாவென்று ஊரிற் கேட்டுவருகிறோம்.

நம் நாட்களை எண்ணும் அறிவை அருளவேண்டுமென்று சங்கீதக்காரன் இறைவனை வேண்டினான். எண்ணுதற்கு எளிய கருவி ஒன்று நம் மேசைமேல் கிடக்கிறது. நண்பர்காள், புதிய புத்தகத்தின் முதற்பக்கம் இன்னும் வெறுமையாயிருப்பின் அதனை நிரப்ப விரையாதிருங்கள். சென்ற ஆண்டில் எழுதத் தவறியது யாது என்று முதலில் சிறிது நேரம் சிந்தியுங்கள். பின்னர் எழுதுகோலை எடுங்கள்.