கோழி ஏன் கல்லைத் தின்கிறது?

நீங்கள் வாழும் நகரத்தில் கோழி என்பது பெரும்பாலும் கடையில் தொங்கும் இறைச்சியாகவோ அட்டையில் அடுக்கிய முட்டையாகவோதான் கண்ணில் படும். முற்றத்தில் மேயும் கோழியைக் காண விடுமுறைக்கு ஊருக்குச் செல்லவேண்டும். அப்படிச் சென்று திரும்பிய மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அம்மா, எங்கள் ஆச்சி வீட்டுக் கோழி சிறு கற்களைப் பொறுக்கித் தின்கிறது. புழுதியில் புரண்டு உடம்பை அழுக்காக்கிக்கொள்கிறது. அதற்கு ஏதேனும் நோயா?"

நோய் ஒன்றும் இல்லை. விலங்குகளின் செயல்கள் நமக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை அறியாவிட்டால் சில வேளைகளில் பிழை நேர்ந்துவிடும். அத்தகைய பிழை ஒன்றை என் பத்தாம் வயதில் கண்டேன்.

காட்டிலிருந்து வந்த பழக்கங்கள்

வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி ஆகும். இமயமலை அடிவாரக் காடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அது இன்றும் வாழ்கிறது. பொழுது சாய்ந்ததும் முருங்கை மரத்திலோ கூரையிலோ ஏறி அமர்வதும், காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பதும் அந்தக் காட்டு வாழ்வின் எச்சங்களே.

புழுதிக் குளியலும் அவ்வாறே வந்தது. கோழி நம்மைப் போல் நீரில் குளிப்பதில்லை. உலர்ந்த மண்ணில் குழி பறித்துப் படுத்து, இறகுகளைச் சிலிர்த்து, மண்ணை உடலெங்கும் வாரி இறைத்துக்கொள்ளும். பின்னர் எழுந்து உதறும். இறகில் மிகுந்த எண்ணெய்ப் பசையும் பேன் போன்ற ஒட்டுண்ணிகளும் புழுதியோடு உதிர்ந்துவிடும். நமக்கு அழுக்காகத் தோன்றுவதே கோழிக்குத் தூய்மை.

முட்டையிடுவதற்கு மறைவான இடம் தேடுவதும் காட்டுப் பழக்கமே. கீரி, பாம்பு, காகம் முதலியவற்றின் கண்ணுக்கு முட்டை படக்கூடாது அல்லவா? வீட்டில் கூடை வைத்திருந்தாலும் சில கோழிகள் அதனை விட்டுவிட்டு வைக்கோற்போரிலோ புதரிலோ சென்று முட்டையிடும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவலைக் கோழி

சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் என் அப்பத்தா, அதாவது தந்தையைப் பெற்ற பாட்டி, வாழ்ந்தார். அவர் வீட்டில் குஞ்சுப் பருவம் முதல் நான் நொய்யரிசி போட்டு வளர்த்த செவலைக் கோழி ஒன்று இருந்தது. அது சில நாள்களாகக் கூடையில் முட்டையிடவில்லை. "முட்டை நின்றுவிட்டது" என்று கருதிய அப்பத்தா, ஊர்த் திருவிழாவுக்கு உறவினர் வந்தபோது அதனைச் சமைக்க முடிவு செய்தார்.

முதல்நாள் மாலையே அதனைப் பஞ்சாரத்தில் அடைத்துத் தண்ணீர் மட்டும் வைத்தார். பஞ்சாரம் என்பது மூங்கிலால் முடைந்த பெரிய கூடை. வயிறு வெறுமையாக இருந்தால்தான் இறைச்சி தூய்மையாக இருக்கும். விடிந்ததும், என் கண்ணுக்கும் மற்றக் கோழிகளின் கண்ணுக்கும் படாத இடத்தில், கூரிய கத்தியால் விரைந்து அறுத்தார். உயிரைத் துடிக்கவிடுவது பாவம் என்பது அவர் கொள்கை.

பின்னர், ஆவி பறக்கும், ஆனால் கொதிக்காத வெந்நீரில் கோழியை முக்கி எடுத்தார். நீர் மிகவும் சூடாக இருந்தால் தோல் கிழியும். சூடு குறைந்தால் இறகு பிடுங்க வராது. எஞ்சிய பூமயிரைத் தீயில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவினார். வாலின் மேற்புறத்தில் இருந்த சிறு எண்ணெய்ச் சுரப்பியை அரிந்து எறிந்தார். கோழி அலகால் கோதி இறகுக்குப் பூசிக்கொள்ளும் எண்ணெய் அங்குதான் சுரக்கிறது. அது கறியின் சுவையைக் கெடுக்கும். ஈரலோடு ஒட்டிய பித்தப்பை உடைந்தால் கறி கசக்கும் என்பதால் அதனை மிகக் கவனமாக நீக்கினார்.

நான் அழுதுகொண்டு திண்ணையில் இருந்தேன். "இங்கே வந்து பார், தாயி" என்று அவர் அழைத்தார்.

வயிற்றுக்குள் ஒரு திருகை

அவர் கையில் தடித்த தசையாலான உறுப்பு ஒன்று இருந்தது. அதனைப் பிளந்தார். உள்ளே சிறு கற்கள் இருந்தன. அவற்றினிடையே ஒரு நீலப் பாசிமணியும் இருந்தது. அறுந்து சிதறிய என் மாலையின் மணி அது! அதன் பளபளப்புத் தேய்ந்து மங்கியிருந்தது.

கோழிக்குப் பற்கள் இல்லை. அது விழுங்கும் தானியம் முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் தங்கி ஊறும். பிறகு செரிமான நீர் சுரக்கும் இரைப்பையைக் கடந்து அரைவைப்பையை அடையும். நாங்கள் பார்த்த உறுப்பு அதுதான். அதன் தசை சுருங்கி விரியும்போது உள்ளிருக்கும் கற்கள் தானியத்தை அரைக்கும். கோழி தன் திருகையைத் தன் வயிற்றிலேயே சுமக்கிறது. அதற்காகவே அது கல்லைத் தின்கிறது.

அடுத்து அப்பத்தா கண்டதுதான் அவரைத் திகைக்க வைத்தது. முதுகெலும்பை ஒட்டி மஞ்சள் கருக்கள் கொத்தாக இருந்தன. சில மிளகு அளவு. சில எலுமிச்சை அளவு. ஒவ்வொன்றும் அடுத்தடுத்து முட்டையாக வேண்டியவை. ஒரு முட்டை முழுமையடைய ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும். ஓடு உருவாக மட்டும் சுமார் 20 மணி நேரம் வேண்டும்.

செவலைக் கோழி முட்டையிடுவதை நிறுத்தவே இல்லை. இடத்தை மட்டும் மாற்றியிருந்தது. வைக்கோற்போரின் பின்புறம் தேடியபோது ஒன்பது முட்டைகள் கிடைத்தன. "பின்னாலேயே போய்ப் பார்த்திருக்க வேண்டும். தெரியாமல் அவசரப்பட்டுவிட்டேன்" என்று அப்பத்தா வருந்தினார். அன்று நான் கறி உண்ணவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

அம்முட்டைகளை வேறோர் அடைக்கோழிக்கு வைத்தார். அடைகாக்கும் கோழி இரை தேடச் சிறிது நேரமே எழும். முட்டைகளை அலகால் அவ்வப்போது புரட்டிவிடும். அருகில் சென்றால் இறகை விரித்துச் சீறும். 21 நாள்களுக்குப் பின் ஐந்து குஞ்சுகள் வெளிவந்தன. அவற்றுள் இரண்டு செவலை.

நாம் அறியவேண்டியது

உங்களுள் சிலர் இறைச்சி உண்பவர், சிலர் உண்ணாதவர். இரு சாராரும் ஓருயிரின் இயல்பை அறிந்து அதனை மதித்தல் வேண்டும். உண்பவர்கள் நோயுற்ற கோழியைச் சமைத்தல் ஆகாது. பச்சை இறைச்சியைத் தொட்ட கையையும் கத்தியையும் சோப்பால் கழுவுதல் வேண்டும். கறியை முழுமையாக வேகவைத்தல் வேண்டும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, கோழி ஒன்று விந்தையாக நடந்துகொண்டால் அதனைப் பின்தொடர்ந்து பாருங்கள். கண்டதைத் தமிழில் எழுதி எடுத்து வாருங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. பற்கள் இல்லாத கோழி தானியத்தை எவ்வாறு அரைக்கிறது?
2. கோழி புழுதியில் புரள்வதால் விளையும் பயன் யாது?
3. அப்பத்தா செய்த பிழை எது? அதனை எவ்வாறு தவிர்த்திருக்கலாம்?
4. தந்தையின் தாயை உங்கள் வீட்டில் எவ்வாறு அழைப்பீர்கள்? வகுப்பில் பிறர் கூறும் சொற்களையும் தொகுத்து எழுதுக.