கடைத் திராட்சைச் சாறு எப்போது மதுவாகிறது? வீட்டு ஒயினின் அறிவியலும் சட்டமும்

திருவனந்தபுரம்: கேரளத்தில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் சில வாரங்களுக்கு முன்பே பல கிறிஸ்தவ இல்லங்களில் ஒயின் பரணிகள் வெளியே எடுக்கப்படுகின்றன. கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, ஈஸ்ட், கிராம்பு, பட்டை ஆகியவற்றை இட்டு வாய் கட்டி வைக்கப்படும் கலவை, பண்டிகை நாளில் கேக்குடன் பரிமாறப்படுகிறது. பழத்தைக் கழுவிப் பிசையும் வேலை இல்லை, செலவும் குறைவு என்பதால், கடையில் வாங்கிய திராட்சைச் சாற்றைக் கொண்டே ஒயின் தயாரிக்கும் முறையும் இணையக் காணொலிகளில் காணக் கிடைக்கிறது.

வீட்டில் செய்யும் ஒயின் வெறும் பழச்சாறுதான், அதில் ஆல்கஹால் இல்லை என்ற நம்பிக்கை பலரிடம் உள்ளது. ஆனால், வேதியியலும் சட்டமும் வேறு விதமாகக் கூறுகின்றன.

சாறு ஒயினாவது எப்படி?

திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 160 கிராம் இயற்கைச் சர்க்கரை உள்ளது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இந்தச் சர்க்கரையை உண்டு, ஏறக்குறையச் சரிபாதியை ஆல்கஹாலாகவும் மீதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இதுவே நொதித்தல்.

லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால், ஆல்கஹாலின் அளவு 1 விழுக்காடு உயரும். அந்தக் கணக்கின்படி, சாற்றில் உள்ள சர்க்கரை முழுவதும் நொதித்தால் சுமார் 9 விழுக்காடு ஆல்கஹால் உருவாகும். லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை கூடுதலாகச் சேர்த்தால் அது 12 விழுக்காட்டை எட்டும். கடைகளில் விற்கப்படும் ஒயின்களின் வழக்கமான அளவும் இதுவே.

பாக்கெட் சாறு கிருமிநீக்கத்துக்காகச் சூடாக்கப்படுவதால் அதில் உயிருள்ள ஈஸ்ட் இருப்பதில்லை. எனவே, ஈஸ்ட் தனியாகச் சேர்க்கப்படுகிறது. சாறு திராட்சைத் தோலுடன் சேர்ந்து நொதிக்காததால் துவர்ப்பும் நிறமும் குறைவாக இருக்கும். துவர்ப்புக்காகச் சிலர் பாலில்லாத தேயிலைச் சாற்றைச் சிறிதளவு சேர்ப்பதுண்டு.

சில வேளைகளில் நொதித்தல் தொடங்குவதே இல்லை. அதற்கான காரணம் பெரும்பாலும் பாக்கெட்டின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். ஐஎன்எஸ் 211 என்பது சோடியம் பென்சோயேட், ஐஎன்எஸ் 202 என்பது பொட்டாசியம் சார்பேட். சாறு கெடாமல் காக்கும் இவ்விரு பொருள்களும் ஈஸ்டின் வளர்ச்சியையும் தடுக்கின்றன.

இறுக மூடினால் ஆபத்து

ஒரு லிட்டர் சாறு முழுமையாக நொதிக்கும்போது ஏறத்தாழ 40 லிட்டர் கரியமில வாயு வெளியேறுகிறது. இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலில் அந்த அழுத்தம் சேர்ந்தால் பாட்டில் வெடித்துச் சிதறக்கூடும். பரணியின் வாயைத் துணியால் கட்டும் பழைய வழக்கம் வாயுவுக்கு வழி விடுகிறது. ஆனால், நொதித்தல் அடங்கிய பின்னரும் காற்று புகுந்துகொண்டிருந்தால், வேறு வகை பாக்டீரியாக்கள் ஆல்கஹாலை வினிகராக மாற்றிவிடும். மேற்பரப்பில் பூஞ்சை படர்ந்த கலவையை முழுவதுமாகக் கொட்டிவிடுவதே பாதுகாப்பானது.

கள்ளச்சாராயச் சாவுகளுடன் வீட்டு ஒயினை ஒப்பிடும் அச்சமும் நிலவுகிறது. பழச்சாறு நொதிக்கும்போது உருவாகும் மெத்தனால் மிகச் சொற்ப அளவே. கள்ளச்சாராயத்தில் பலரின் உயிரைப் பறிப்பது, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலைக் கலப்பதாகும்.

0.5 விழுக்காடு என்ற எல்லை

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானம் மதுபானமாகும். லிட்டருக்கு 160 கிராம் சர்க்கரை உள்ள சாற்றில் 9 கிராம் நொதித்தாலே இந்த எல்லை கடந்துவிடும். அதாவது, பரணியில் நுரை நன்கு பொங்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே சாறு மதுவாகிவிடுகிறது.

இறுதியில் சேர்க்கப்படும் சர்க்கரையும் மசாலாவும் ஆல்கஹாலின் சுவையை மறைப்பதால், குடிப்பவருக்கு அளவு தெரிவதில்லை. 9 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயின் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி அருந்தினாலே, சிலரது உடலில் வாகனம் ஓட்டுவதற்கான சட்ட வரம்பைத் தாண்டக்கூடும். மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். "வீட்டு ஒயின்தானே" என்று குழந்தைகளுக்கும் ஊற்றிக் கொடுப்பதில் உள்ள ஆபத்தும் இதுவே.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 7ஆவது அட்டவணைப்படி, மதுபான உற்பத்தியும் விற்பனையும் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளன. எனவே, மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுகின்றன. குஜராத், பிகார் மாநிலங்களில் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது.

கேரளத்தில் 2019ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னதாகக் கலால் துறை வெளியிட்ட சுற்றறிக்கை, வீடுகளில் ஒயின் தயாரிப்பது அப்காரி சட்டப்படி ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என எச்சரித்தது. உரிமமின்றி மது தயாரிப்பவர்களுக்கு அச்சட்டத்தின் 55ஆவது பிரிவின் கீழ் 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க இயலும். விற்பனைக்காக அல்ல, வீட்டுத் தேவைக்காகவே என்ற விளக்கம் மட்டும் உரிமத்துக்கு ஈடாகாது.

அதே மாநிலம் 2022இல், உள்ளூர் விளைபொருள்களிலிருந்து குறைந்த ஆல்கஹால் கொண்ட ஒயினைச் சிறிய அளவில் தயாரிக்க உரிமம் வழங்கும் விதிகளையும் வகுத்தது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அனுமதியின்றி மது தயாரிப்பதைத் தடை செய்கிறது.

ஆகவே, காணொலியைப் பார்த்துச் சாற்றில் ஈஸ்ட் சேர்க்க நினைப்பவர்கள், முதலில் தங்கள் மாநிலக் கலால் அல்லது மதுவிலக்குத் துறையின் விதிகளை அறிந்துகொள்வது அவசியம். பண்டிகை மேசைக்குச் சிவப்புப் பானம் மட்டுமே தேவையெனில், திராட்சைச் சாற்றில் கிராம்பும் பட்டையும் இட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாள்களுக்குள் பரிமாறலாம். ஈஸ்ட் சேர்க்கப்படாததால் அது சாறாகவே இருக்கும்.