பச்சை விளக்கைத் துரத்த வேண்டாம்

சென்ற மழைக்காலத்தில் என் பெண் வயிற்றுப் பேரன் கர்வே ரோட்டில் ஸ்கூட்டரோடு விழுந்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம். ஒரு சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளம்பியவன், தூரத்தில் அடுத்த சிக்னலும் பச்சையாக இருப்பதைப் பார்த்திருக்கிறான். அது மாறுவதற்குள் தாண்டிவிடலாம் என்று வேகத்தைக் கூட்டியிருக்கிறான். மாறிவிட்டது. ஈர ரோட்டில் பிரேக் பிடித்ததும் வண்டி சறுக்கியது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. ஹெல்மெட் இருந்ததால் அதோடு போயிற்று.

கட்டோடு உட்கார்ந்திருந்தவன் ஒரு நாள் கேட்டான்: "தாத்தா, நீங்க ரயில்வேல சிக்னல் டிபார்ட்மெண்ட்ல தானே இருந்தீங்க? ரோட்டுல இருக்கிற எல்லா சிக்னலையும் ஒரே நேரத்துல பச்சையாக்கிட்டா என்ன?"

நம் சங்கத்து நண்பர்கள் பலரும் இதையே வேறு வேறு விதமாக என்னிடம் கேட்டதுண்டு. ஆகவே அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

ரோட்டு சிக்னலுக்கும் ரயில்வேக்கும் உள்ள உறவு பழையது. உலகின் முதல் போக்குவரத்து சிக்னல் 1868 டிசம்பரில் லண்டன் பார்லிமெண்ட் கட்டடத்தின் அருகே நிறுவப்பட்டது. அதை வடிவமைத்த ஜே.பி. நைட் ரயில்வேக்காரர். ரயில்வேக் கைகாட்டி மரம் போலவே அதற்கும் கைகள். இரவுக்கு எரிவாயு விளக்கு. அடுத்த மாதமே எரிவாயு வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரர் காயமடைந்தார். 1917-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஆறு சந்திப்புகளின் விளக்குகளை இணைத்து, ஒரே இடத்திலிருந்து கையால் இயக்கினார்கள்.

என் பேரன் கேட்ட யோசனையும் அந்தக் காலத்திலேயே செய்து பார்க்கப்பட்டதுதான். ரோடு முழுவதும் ஒரே சமயத்தில் பச்சை, பிறகு ஒரே சமயத்தில் சிவப்பு. அதன் குறை சீக்கிரமே தெரிந்தது. பச்சை இருக்கும்போதே எத்தனை சந்திப்புகளைத் தாண்ட முடியும் என்று ஓட்டுநர்கள் வண்டியை விரட்டினார்கள். அதாவது, கர்வே ரோட்டில் இவன் செய்ததையே எல்லோரும் செய்தார்கள்.

சரியான வழி, பச்சை விளக்கு வண்டிகளோடு சேர்ந்து நகர்வது. இதைப் 'பச்சை அலை' என்பார்கள். இதற்கு மூன்று கணக்குகள் வேண்டும். முதலாவது சுற்று: பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒருமுறை வந்து முடியும் மொத்த நேரம். ஒரு ரோட்டின் எல்லாச் சந்திப்புகளுக்கும் இது ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டாவது பங்கீடு: அந்த நேரத்தில் மெயின் ரோட்டுக்கு எவ்வளவு, குறுக்கு ரோட்டுக்கு எவ்வளவு என்பது. மூன்றாவது ஆஃப்செட்: முதல் சந்திப்பில் பச்சை விழுந்து எத்தனை வினாடி கழித்து அடுத்ததில் விழுவது என்பது.

எங்கள் கண்ட்ரோல் ஆபீஸ்களில் மேஜை மேல் ஒரு பெரிய சார்ட் விரிந்திருக்கும். ஒரு பக்கம் ஸ்டேஷன்கள், தூரத்தின்படி, மறுபக்கம் நேரம். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. பச்சை அலைக்கும் இதே சார்ட்தான். ஸ்டேஷன் இருக்கும் இடத்தில் சிக்னல் சந்திப்பைப் போடுங்கள். ஒரு ரயிலின் கோட்டுக்குப் பதில் ஒரு கூட்டம் வண்டிகளின் பட்டை. அந்தப் பட்டை எல்லாச் சந்திப்பிலும் பச்சையின் வழியே போகவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே 400 மீட்டர். வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர். போய்ச்சேர 40 வினாடி ஆகும். எனவே ஆஃப்செட் 40 வினாடி. மணிக்கு 54 கிலோமீட்டரில் பறப்பவர் சுமார் 27 வினாடியில் வந்துவிடுவார். வந்து? சிவப்பில் 13 வினாடி நிற்பார். நிதானமாக வந்தவர் நிற்காமலே அவரைத் தாண்டிப் போவார். இதைக் காகிதத்தில் வரைந்து காட்டியபோது பேரன் வெகுநேரம் பேசவில்லை.

"அப்போ எதிர்ப்பக்கம் வர்றவங்களுக்கு?" என்றான் பிறகு. நல்ல கேள்வி. சுற்று 120 வினாடி, அதில் மெயின் ரோட்டுக்குப் பச்சை 60 என்று வையுங்கள். எதிர்த்திசை வண்டிகள் இரண்டாம் சந்திப்பிலிருந்து 40-வது வினாடியில் கிளம்பி, முதல் சந்திப்புக்கு 80-வது வினாடியில் வரும். அங்கே 60-லேயே சிவப்பு விழுந்துவிட்டது. 40 வினாடி காத்திருக்க வேண்டும். சுற்றையே 80 வினாடியாக்கி, அதில் பாதியைப் பச்சைக்குக் கொடுத்தால் இரு திசைக்கும் பொருந்திவிடும். ஆனால் சந்திப்புகள் எல்லாம் 400 மீட்டர், 400 மீட்டர் என்று அளந்துவைத்தாற்போல அமைந்த ஊர் இல்லையே புனே! ஆகவே காலையில் ஒரு திசைக்கும் மாலையில் எதிர்த்திசைக்கும் சலுகை காட்டுவதே வழக்கம். ஒருவழிப் பாதையில் இந்தத் தொல்லை இல்லை. எதிரெதிர்த் திசைகளில் ஒருவழியாக இயங்கும் நம் ஜங்லி மகாராஜ் ரோடும் ஃபெர்குசன் கல்லூரி ரோடும் பச்சை அலைக்கு ஏற்றவை.

இவ்வளவு சுலபமென்றால் ஏன் நாம் சந்திக்குச் சந்தி நிற்கிறோம்? காரணங்கள் உண்டு. அடுத்த சிக்னலில் ஏற்கனவே ஒரு வரிசை நின்றால், வரும் கூட்டம் அதன் வாலில் போய் முட்டும். அந்த வரிசை நகர்வதற்காகப் பச்சையைச் சில வினாடி முன்னதாகவே கொடுக்கவேண்டும். ஸ்கூட்டரும் ஆட்டோவும் பஸ்ஸும் ஒரே வேகத்தில் போவதில்லை. தூரம் போகப் போகக் கூட்டம் சிதறும். ஸ்டாப்பில் நின்று ஆள் ஏற்றும் பஸ் அலையைத் தவறவிட்டுவிடும். ரோடு கொள்ளாத அளவுக்கு வண்டி வந்தாலோ எந்த ஆஃப்செட்டும் உதவாது.

இன்னொன்று கடிகாரம். ரயில்வேயில் தினமும் 16 மணிக்குக் கண்ட்ரோலிலிருந்து நேரம் கொடுப்பார்கள். எல்லா ஸ்டேஷன்களும் கடிகாரத்தைச் சரிபார்க்கும். ரோட்டு சிக்னலிலும் ஒரு பெட்டியின் கடிகாரம் 20 வினாடி பிசகினால் போதும், அலை உடைந்துவிடும். அதனால்தான் இப்போது பெட்டிகளைக் கேபிள் வழியாகவோ செயற்கைக்கோள் நேரத்தாலோ ஒன்றாக்குகிறார்கள்.

வண்டிகளை எண்ணித் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் முறைகளும் வந்திருக்கின்றன. சிட்னியில் 1970-களில் உருவான ஸ்காட்ஸ், பிரிட்டனில் உருவான ஸ்கூட் இரண்டும் புகழ்பெற்றவை. ஆனால் அவை வண்டிகள் வரிசை பிசகாமல் போகும் ஊர்களுக்காக உருவானவை. நம் நாட்டின் கலவையான போக்குவரத்துக்கென்றே சி-டாக் நிறுவனத்தின் திருவனந்தபுரம் மையம் 'கோசிகோஸ்ட்' என்ற முறையை உருவாக்கியது. அது நிறுவப்பட்ட நகரங்களில் புனேயும் ஒன்று. பின்னர் 2020-களின் தொடக்கத்தில் புனே ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் 125 சந்திப்புகளுக்குத் தானியங்கி முறை கொண்டுவரப்பட்டது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி காப்பி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "வண்டி நிக்காம போறதுக்கே கணக்கு போடறீங்களே, நான் ரோட்டைத் தாண்டறதுக்கு யார் கணக்கு போடறது?"

நியாயமான கேள்வி. பாதசாரி வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் வழக்கமாக நேரம் கணக்கிடுகிறார்கள். 18 மீட்டர் ரோட்டுக்கு 15 வினாடி போதும் என்று வரும். மூட்டு வலியுள்ள என் மனைவி வினாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பாள். அவளுக்கு 22 வினாடிக்கு மேல் வேண்டும். 15 வினாடியில் அவள் 12 மீட்டர்தான் போயிருப்பாள். அப்போது சீறிக்கொண்டு வரும் பச்சை அலையின் நடுவில் அவள் நிற்பாள். அந்தக் கூடுதல் 7 வினாடியை மெயின் ரோட்டின் பச்சையிலிருந்து எடுக்க வேண்டும். அதனால் அலை சற்று ஒடுங்கும். ஒடுங்கட்டுமே. ரயில்வேயில் நான் கற்ற முதல் பாடம், நேரம் தவறினாலும் பாதுகாப்பு தவறக்கூடாது என்பது.

கட்டு பிரித்தபின் பேரன் மறுபடி ஸ்கூட்டர் எடுத்தான். முதல் நாள் நான் பின்னால் உட்கார்ந்து போனேன். நிதானமாகத்தான் ஓட்டினான். ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது, நின்றான். எங்களை முந்திப் பறந்த ஒரு பையனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். பேரன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கையில் கறிகாய்ப் பையோடு ஒரு அம்மாள் எங்கள் முன்னால் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தும், அவர் மறுபக்கம் ஏறும் வரை அவன் நகரவில்லை.