ஒரு ஸ்டூலும் சில பெண்ணியங்களும்

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் புடவையைப் பார்ப்போம். அதை விரித்துப் போடும் பெண்ணின் காலைப் பார்க்க மாட்டோம். காலையில் கடை திறக்கும்போது நின்றவர், ஷட்டர் இறங்கும்வரை நிற்கிறார். கணுக்கால் வீக்கம், கெண்டைக்காலில் சுருண்டு புடைக்கும் நரம்பு, அடிக்கடி பாத்ரூம் போனால் திட்டு விழுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வதால் வரும் நீர்க்கடுப்பு. ‘அங்காடித் தெரு’ படம் 2010-இல் இந்த வாழ்க்கையைத் திரையில் காட்டியது. நாம் பார்த்தோம், அதே கடைகளுக்குப் போய்த் துணி எடுத்தோம்.

2021-இல்தான் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது: ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. அதற்குப் பின்னால் இருந்தது கோழிக்கோட்டின் ‘பெண்கூட்டு’ என்ற பெண் தொழிலாளர் அமைப்பு. முன்னின்றவர் தையல் தொழிலாளி விஜி. அந்தப் பெண்கள் நாற்காலிக்கும் முன்னால் கேட்டது கழிப்பறை.

தாராளவாதப் பெண்ணியம் சட்டத்தில் சம உரிமை தேடும். 22-ஏ அதற்குப் பிடித்தமான வெற்றி. சோசலிசப் பெண்ணியத்துக்கு அது போதாது. கடையில் நின்ற கால், வீட்டுக்குப் போய் அடுப்படியிலும் நிற்கிறதே, அதற்குக் கூலி எங்கே என்று கேட்கும். தலித் பெண்ணியம் மாடிப்படியைக் காட்டும்: பட்டு விரிப்பது யார், படியைத் துடைப்பது யார்? துடைக்கிறவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் சூப்பர்வைசரின் முகம் எப்படி மாறும்? என்னை அதிகம் உறுத்துவது இந்தக் கேள்விதான். துப்புரவுப் பெண்கள் பெரும்பாலும் காண்ட்ராக்டில் வருகிறவர்கள். ‘எங்கள் ஊழியரே இல்லை’ என்று கடைக்காரர் கைவிரிக்க அது வசதி.

22-ஏ பிரிவிலேயே ஒரு நெளிவும் உண்டு. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அது. எது வாய்ப்பு என்று தீர்மானிப்பவர் யார்? கண்காணிப்புக் கேமராவுக்குப் பின்னால் இருப்பவர். ஸ்டூல் மூலையில் கிடக்கும்; உட்கார்ந்தால் பெயர் குறிக்கப்படும்.

அப்படி நடந்தால் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் தரலாம். தனியாகப் போவதைவிட நாலைந்து பேராக, முடிந்தால் சங்கத்தோடு போவது நல்லது. அதே கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது என்கிறது 41-ஆம் பிரிவு. மீறினால் மேல்முறையீடு உண்டு.

பாலியல் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். 10 பேருக்கும் குறைவென்றால், அல்லது புகாரே முதலாளிமேல் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும்.

எதற்கும், இந்தக் கடையில்தான் வேலை பார்த்தேன் என்று காட்டச் சான்று வேண்டும். பல கடைகளில் வேலை உத்தரவே தருவதில்லை. ஆகவே அடையாள அட்டையின் இரு பக்கத்தையும் இன்றே போனில் படம் பிடித்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். வேலையை விட்டு நிறுத்தும்போது முதலில் பிடுங்கிக்கொள்வது அதைத்தான்.