காரை ‘லோ’ பண்ணப் போறீங்களா? முதல்ல ஷாக் அப்சார்பரைக் கவனிங்க!

கோவில்பட்டி வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில், தரையை ஒட்டி ஓடும் கார் பார்க்க கெத்தாகத்தான் இருக்கும். அதே காரை ஓட்டப்பிடாரம் பக்கம் திருப்பி, பாஞ்சாலங்குறிச்சியில் இருக்கும் கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைப் பார்க்கக் கிளம்பினால் கதை வேறு. கரிசல் பூமியின் ஊர்ச் சாலைகள் காரின் சஸ்பென்ஷனைச் சோதித்துப் பார்த்துவிடும்.

காரைத் தாழ்த்தும்போது பலரும் ஸ்பிரிங், அலாய் வீல் இரண்டுக்கும்தான் செலவு செய்கிறார்கள். ஆனால், தாழ்த்திய கார் ஒழுங்காக ஓடுமா, இடுப்பை ஒடிக்குமா என்பதைப் பெரும்பாலும் ஷாக் அப்சார்பர்தான் முடிவு செய்கிறது.

கரிசல் சாலையில் என்ன சிக்கல்?

கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் அதிகம். ஐப்பசி மழையில் தண்ணீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கி, பாளம் பாளமாக வெடிக்கும். அடித்தளத்தைச் சரியாகப் பலப்படுத்தாமல் இதன்மேல் சாலை போட்டால், தாரும் சேர்ந்து அசையும். சாலை அலை அலையாக மாறிவிடும். குழி என்றால் ஒதுங்கிப் போகலாம். சாலை முழுக்க அலையாக இருந்தால் எங்கே ஒதுங்குவது?

ஸ்பிரிங் வேலை வேறு, ஷாக் வேலை வேறு

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் பிஸ்டன், சின்னச் சின்னத் துளைகள் வழியே ஆயிலைத் தள்ளும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. சக்கரம் மேலே ஏறும்போது நடப்பது கம்ப்ரஷன். ஸ்பிரிங் திருப்பித் தள்ளும்போது நடப்பது ரீபவுண்ட்.

தாழ்த்தும்போது என்ன மாறுது?

சக்கரம் மேலேறக் கிடைக்கும் இடம் குறைகிறது. முன்பு 8 செ.மீ. இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 4 செ.மீ. இறக்கினால் பாதி போச்சு! அடி தட்டாமல் இருக்க ஸ்பிரிங் இன்னும் விறைப்பாக இருக்க வேண்டும். விறைப்பான ஸ்பிரிங் வேகமாகத் திருப்பி உதைக்கும். பழைய ஷாக்கால் அதைப் பிடிக்க முடியாது. ஸ்பிரிங் விறைப்பு 40 சதவீதம் கூடினால், அதே அளவு கட்டுப்பாட்டுக்கு ஷாக்கின் பிடிப்பு சுமார் 18 சதவீதம் கூட வேண்டும்.

ஸ்பிரிங்கை வெட்டுவதும் சூடாக்கி இறக்குவதும் வேண்டவே வேண்டாம். 6 சுற்றில் ஒன்றை வெட்டினால் 20 சதவீதம் விறைப்பு கூடும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நகரவும் வாய்ப்பு உண்டு. சூடாக்கினால் எஃகின் பதமே கெட்டுவிடும்.

எவ்வளவு இறக்கலாம்?

இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். 2.45 மீட்டர் வீல்பேஸ் கார் அதன்மேல் நிற்கும்போது அடியில் இடைவெளி 4.5 செ.மீ. அளவுக்குத்தான் குறையும். பிரச்சினை, விதியை மீறிக் குறுகலாகக் கட்டிய வேகத்தடையில். அங்கே முழு 10 செ.மீ.யும் போய்விடும். 16.5 செ.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸில் 4 செ.மீ. இறக்கி, ஆட்கள் ஏறியதும் இன்னொரு 3 செ.மீ. அமுங்கினால் மிச்சம் 9.5 தான். அடி உரசும். இந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு 2 - 2.5 செ.மீ.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்த ஷாக் வாங்குவது?

● அதற்குமேல் இறக்குவதாக இருந்தால், அந்த உயரத்துக்கென்றே செய்த குட்டை ஷாக்கை ஸ்பிரிங்கோடு ஒரே செட்டாக வாங்குங்கள்.

● காயில்ஓவர் வாங்கினால், ஸ்பிரிங்கை இறுக்காமல் கீழ்ப்பகுதியைத் திருகி உயரம் மாற்றும் வகை மேல். சக்கரம் அசையும் இடம் வீணாகாது.

● இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பம்ப் ஸ்டாப்பைக் கழற்றி எறியாதீர்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் புழுதி புகுந்து ஆயில் சீலைத் தின்றுவிடும்.

எப்படி அட்ஜஸ்ட் செய்வது?

ஒரே ஒரு திருகு உள்ள பல ஷாக்குகளில் அது முக்கியமாக ரீபவுண்டைத்தான் மாற்றும். மிக மென்மையான நிலையில் தொடங்கி, இரண்டிரண்டு ‘கிளிக்’காக ஏற்றுங்கள். இரு பக்கமும் ஒரே எண் இருக்க வேண்டும். டயர் காற்றும் சாலையும் வேகமும் மாறக் கூடாது. ஒவ்வொரு முறையும் போனில் குறித்து வையுங்கள்.

● மேட்டைத் தாண்டியதும் கார் இரண்டு மூன்று முறை மிதந்தால், ரீபவுண்ட் போதவில்லை. ஏற்றுங்கள்.

● அடுத்தடுத்த அலைகளில் கார் அமுங்கிக்கொண்டே போய் விறைத்தால், ரீபவுண்ட் அதிகம். சக்கரம் கீழே இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. குறையுங்கள்.

● ‘டொம்’மென்று அடி தட்டினால் முதலில் உயரத்தைக் கூட்டுங்கள். கிளிக்கை மட்டும் மாற்றினால் போதாது.

தனியாக ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நாலு பேரை ஏற்றியும் பாருங்கள். கடைசியாக வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் இரண்டையும் சரிபார்க்க வேண்டும். கேம்பர் மாறியிருந்தால் டயரின் உள்பக்கம் சீக்கிரம் தேயும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்குப் பொருந்தும் செட்டிங் ஓட்டப்பிடாரம் சாலைக்குப் பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால், பிரிவு 182ஏ-ன்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எனவே, பணம் கட்டும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

காரின் ஷாக் பழசாகி ஆயில் கசிகிறதா? அப்படியென்றால் தாழ்த்தும் யோசனையை ஒத்திவைத்து, கம்பெனி அளவிலேயே நல்ல ஷாக் மாட்டி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். ‘கார் ஆடுது, லோ பண்ணினா சரியாகும்’ என்று நினைத்தவர்களில் பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.